ஐஸ் கை

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து அரைக் கிலோ இறால் உரித்தார்கள். கை மகளுடையது. மற்றதெல்லாம் அம்மாவுடையது.

சகீலா ஜன்னலோரத்து நாற்காலியில், இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. முப்பத்தாறு வருஷம் தோப்பும்படி ஷெட்டில் இறால் உரித்த கைகள். ஐந்து மாதமாக அவை ஒரு ஈயைக்கூட விரட்டவில்லை. ரஃபீனா தரையில் சட்டியை வைத்துக்கொண்டு தலையைத் திருகினாள், ஓட்டை நெம்பினாள், வாலைப் பிடித்து இழுத்தாள். வால் தனியாக வந்தது. சதை பாதியில் அறுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் புருவம் ஏறியிருந்தது. நாக்கு குழறத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் புருவம்தான் மேஸ்திரி.

அடுத்ததை மெதுவாக இழுத்தாள். புருவம் இறங்கியது. சட்டி காலியாகும்வரை இப்படித்தான் நடந்தது. உத்தரவு நாற்காலியிலிருந்து வந்தது, வேலை தரையில் நடந்தது.

ரஃபீனாவுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. காரணம், வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை. ஷெட்டுக்கு லோடு வந்திருக்கிறது, இன்றைக்கு வர முடியாது என்று அம்மாவின் ஷெட் தோழி வீரலட்சுமி காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

கடைசி இறாலை உரிக்கும்போது சகீலாவின் கண் இரும்பு அலமாரியின் மேல் போய் நின்றது. அங்கே ஆஸ்பத்திரி ஃபைல், அதன்மேல் வீரலட்சுமியின் எவர்சில்வர் டப்பா. முந்தின வாரம் அவள் எதையோ சமைத்துக் கொண்டுவந்து, டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். ரஃபீனா பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். அம்மாவின் கண் திரும்பி வந்தது, மறுபடியும் அங்கேயே போனது. மூன்றாவது தடவை ரஃபீனாவுக்குச் சுருக்கென்றது.

"தெரியும்மா. அவங்களுக்கும் எடுத்து வெப்பேன். போதுமா?"

சகீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்கு சகீலா இறந்துபோனாள். வயது ஐம்பத்து நான்கு. அந்த நேரத்தில் ரஃபீனா எறணாகுளத்தில், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நரம்புப் பரிசோதனை அறையில், ஒரு லாட்டரிச் சீட்டுக்காரரின் கட்டைவிரல் மேட்டில் மின்முனையை ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் இருந்தவள் வீரலட்சுமி.

சாவு வரும் என்று ரஃபீனாவுக்குத் தெரியும். பத்தொன்பது மாதமாகத் தெரியும். அது வரும்போது பக்கத்தில் இன்னொருத்தி இருப்பாள் என்பதுதான் தெரியாது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மய்யத்தைக் குளிப்பாட்டும்போது வீரலட்சுமி வாசலில் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே சொந்தக்காரப் பெண்கள் மட்டும். ரஃபீனா அம்மாவின் கையை எடுத்து, விரல் விரலாகத் தண்ணீர் ஊற்றினாள். வெளியே வீரலட்சுமி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. இப்போதாவது இந்தக் கை எனக்கு மட்டும் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கு இன்றும் உடம்பு கூசும். ஆனால் வந்தது.

*

சகீலா மட்டாஞ்சேரியில் பிறந்து மட்டாஞ்சேரியிலேயே அடங்கியவள். வீட்டுக்குள் ராவுத்தர் தமிழ், படியிறங்கினால் மலையாளம். அவளுடைய அத்தா பாலக்காட்டிலிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு வந்தவர். பதினாறு வயதில் ஷெட்டுக்குப் போனாள். கல்யாணமாகியும் போனாள். கணவர் அலாவுதீன் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கத்து இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கினார். ரஃபீனாவின் ஒன்பதாவது வயதில், மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். விதவை வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாளே சகீலா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர். ஒரு பாய், ஒரு குடை. நெய்ச்சோறு வடித்தால் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் காந்தலைச் சுரண்டி மகளின் தட்டில் போடுவாள். அந்த ஏற்பாடு கடைசிவரைக்கும் அப்படியே இருக்கும் என்று மகள் நம்பிவிட்டாள்.

ஷெட் என்றால் நீளமான அலுமினிய மேசை. இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள், நடுவே ஐஸும் இறாலும். காலையில் முதல் பத்து நிமிஷம் ஐஸ் ஊசி மாதிரி குத்தும், அப்புறம் குத்தாது, குத்தாமல் போன பிறகுதான் வேலை ஓடும் என்பாள் சகீலா. அவள் கையைப் பார்த்து உரிக்கிறவள் இல்லை. எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே உரிப்பாள். சதை முழுசாக வந்து விழும்.

ரஃபீனா நரம்புப் பரிசோதனைக்கான டிப்ளமா படிக்கக் கலூர் ஹாஸ்டலுக்குப் போனாள். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில்தான் சகீலாவுக்கு எதிரே ஒரு புதிய முகம் வந்து நின்றது. வீரலட்சுமி, சங்கரன்கோவில் பக்கம். கட்டட வேலைக்கு வந்த புருஷன் பாண்டியராஜனோடு வந்தவள். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. ஷெட்டில் தமிழ் பேசிய ஒரே ஆள் சகீலா. அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டாள். இது ரஃபீனாவின் உவமை, அம்மாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் வீரலட்சுமி அடுக்களையில் உட்கார்ந்திருப்பாள். காந்தல் இரண்டு தட்டுக்குப் பிரிந்தது. சின்னம்மா என்று கூப்பிடு என்றாள் சகீலா. ரஃபீனா சேச்சி என்று கூப்பிட்டாள். தெருவில் எந்த மீன்காரியையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை அம்மா சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, நீ என்னதான் படிக்கிறாய், எங்களுக்கும் சொல் என்றாள். ரஃபீனா தையல் நூலை எடுத்துத் தரையில் நீட்டிக் காட்டினாள். தலைக்குள்ளிருந்து உத்தரவு கிளம்புகிறது. முதுகெலும்புக்குள் கயிறு மாதிரி இறங்கும் தண்டுவடத்தில் ஒரு கை மாறுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு செல், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் அதன் வால் மட்டும் தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, விரல் வரைக்கும் ஒரே இழையாக ஓடுகிறது. அந்த இழைமேல் கொழுப்பு உறை, கரன்ட் கம்பிமேல் ரப்பர் மாதிரி. உத்தரவு நொடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் வேகத்தில் போகும். திரும்பி வரும் செய்திக்கு, சுடுகிறது, குத்துகிறது, வழுக்குகிறது என்பதற்கெல்லாம், வேறு இழை. போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பதால் வெளியே ஒரே நரம்பு மாதிரி தெரியும்.

வீரலட்சுமி சாயாவை உறிஞ்சிக்கொண்டே, அப்ப இறால் முதுகுல கருப்பா ஓடுதே, அந்த நரம்பும் இப்படித்தானா என்று கேட்டாள். அது நரம்பே இல்லை, குடல், உள்ளே இருப்பது அழுக்கு, இறாலின் நரம்பு வயிற்றுப்பக்கம் வெள்ளையாக இருக்கும் என்றாள் ரஃபீனா. அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. வீரலட்சுமி வாயடைத்துப்போவாள் என்று நினைத்தாள். இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் மேஸ்திரி நரம்பை எடு, நரம்பை எடு என்று கத்தியதெல்லாம் வீண் என்றாள் சகீலா.

ரஃபீனா விடவில்லை. அம்மாவைக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, கரண்டிக் காம்பால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினாள். கால் தானாக எகிறியது.

"யாரைக் கேட்டுக்கா ஒதச்சீக?" என்றாள் வீரலட்சுமி.

யாரையும் கேட்கவில்லை, தண்டுவடமே பதில் சொல்லிவிட்டது, தலைக்குத் தகவல் பிறகுதான் போகும் என்று ரஃபீனா விளக்கினாள்.

"அப்போ தலைக்குக் கடைசியிலதான் தெரியும்?" என்றாள் சகீலா. "எங்க ஷெட்டு மொதலாளி மாதிரி."

மறுபடியும் அந்தச் சிரிப்பு. ரஃபீனா நூலைச் சுருட்டி வைத்தாள். தான் படித்ததைப் பாராட்டச் சொன்ன இடத்தில், அவர்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு ஷெட்டைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

*

வேலை கிடைத்துத் திரும்பவும் மட்டாஞ்சேரிக்கே வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் எறணாகுளத்திலிருந்து வரும் பஸ் தோப்பும்படி ஸ்டாப்பில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். ஸ்டாப்பின் சிமென்ட் பெஞ்சில் அம்மாவும் வீரலட்சுமியும். அம்மாவின் வலது கை வீரலட்சுமியின் மடியில். அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

ரஃபீனா இறங்கவில்லை. அந்தப் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போய், அம்மா வந்ததும், இன்றைக்குச் சோறு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தலைவலி என்று படுத்துவிட்டாள். தினமும் முப்பது பேரின் கையைப் பிடித்துச் சோதிக்கிறவள் அவள். அம்மாவின் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று அன்று யோசித்தாள். அந்தக் கையை எதற்காக நீவிவிட வேண்டியிருக்கிறது என்று யோசிக்கவில்லை.

நோன்புப் பெருநாளன்று சகீலாவின் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. ஷெட்டை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மெஷினில் பார்க்கிறேன் என்றாள் ரஃபீனா. சகீலா வந்தாள். மேலே நைட்டியும் தலையில் தட்டத் துணியும், உடம்பெல்லாம் மீன் வாடையும். ரஃபீனா அவளைப் படுக்கவைத்து உள்ளங்கையில் வெப்பமானியை ஒட்டினாள். இருபத்தேழு. முப்பத்திரண்டுக்குக் கீழே இருந்தால் சோதிக்கக் கூடாது. குளிர்ந்த நரம்பில் மின்சாரம் மந்தமாக ஓடும். நல்ல கையும் நோயாளிக் கை மாதிரி காட்டும். வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்த பிறகுதான் தொட வேண்டும். அதை ரஃபீனாவே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"வெந்நி வெக்கறேன், கொஞ்சம் படுத்திருங்க."

"இருபது நிமிஷமா? வேண்டாம் மோளே, லட்சுமி கீழே நிக்கறா. ஆறரைக்குப் பஸ்ஸு."

ரஃபீனா வெந்நீர் வைக்கவில்லை. சரி, அப்படியே பார்த்துவிடுகிறேன் என்றாள். மணிக்கட்டில் ஒரு மின்தட்டு. முழங்கையில் ஒரு தட்டு. சகீலாவின் கட்டைவிரல் இரண்டு முறை துள்ளியது. திரையில் அலை வந்தது. வர வேண்டிய நேரத்தைவிடத் தாமதமாக வந்தது. ஐஸ் கையில் அப்படித்தான் வரும். விரலிலிருந்து மேலே போகும் செய்திப் பாதையையும் பார்த்தாள். அந்த அலை தாமதம், ஆனால் உயரம். கட்டைவிரலுக்கு இறங்கும் உத்தரவுப் பாதையின் அலை தாமதம், கூடவே குட்டை.

குளிர் அலையைத் தாமதப்படுத்தும். சிறுக்க வைக்காது, இன்னும் கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும். குட்டை அலைக்குக் குளிரின்மேல் பழி போட முடியாது. இது ரஃபீனா தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். அன்று அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது, கீழே ஒருத்தி நிற்கிறாள் என்பது மட்டும்தான்.

"ஒண்ணுமில்லைம்மா. ஐஸ்தான். போங்க, உங்க ஆளு காத்திருப்பாங்க."

சகீலா முகம் மலர்ந்து எழுந்தாள். மகளின் மெஷினைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏழு மாதம் கழித்து வீரலட்சுமி போன் செய்தாள். அவள் அதுவரை ரஃபீனாவுக்குப் போன் செய்ததே இல்லை. அக்கா கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது, நீ பார்த்தாயா என்று கேட்டாள். ரஃபீனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரல் வைத்ததும் தெரிந்தது. சதை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு.

நரம்பியல் டாக்டர் சுபாஷிணி தசைக்குள் ஊசி வைத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வந்தது. உத்தரவு வராமல் அநாதையான தசை நார்கள் தாமாகவே துடிக்கும் சத்தம் அது. தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மேலே மூளையில் அவற்றுக்கு உத்தரவு கொடுக்கும் செல்களும்தான். மோட்டார் நியூரான் நோய். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. ஏழு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் இதே முடிவுதான் என்று டாக்டர் சுபாஷிணி மூன்று முறை சொன்னார். ரஃபீனா கேட்காமலே சொன்னார்.

அந்த நோயில் செய்திப் பாதை கெடுவதில்லை. ஈ உட்கார்ந்தால் தெரியும். கொசு கடித்தால் தெரியும். விரட்டத்தான் முடியாது.

வீரலட்சுமி வாரத்தில் மூன்று அரைநாள் ஷெட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தாள். ரஃபீனா வேலைக்குப் போக வேண்டும், வேறு வழி கிடையாது. வீட்டுக்குத் திரும்பினால் அம்மா சீவி முடித்த தலையோடு இருப்பாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கப் புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறது. ரஃபீனா அதைப் பின்பற்றினாள், அம்மாவுக்கு வலித்தது. வீரலட்சுமி ஏதோ ஒரு கையை எங்கேயோ கொடுத்து ஒரே தூக்கில் திருப்பினாள், வலிக்கவில்லை. எங்கே அரிக்கிறது என்பதை அவள் கேட்காமலே சொறிந்துவிடுவாள். ரஃபீனா மூக்கா, காதா, கழுத்தா என்று பட்டியல் படித்து, கடைசியில் புருவம் இறங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அம்மாவின் செய்தியெல்லாம் அவளுக்குப் போகிறது, எனக்கு வருவது உத்தரவு மட்டும். மருந்து எடு, பில் கட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ. இப்படித்தான் ரஃபீனா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

இடையில் சகீலா ஒரு காரியம் கேட்டாள். நாக்கு இன்னும் வேலை செய்த நாட்களில் மூன்று தடவை கேட்டாள். லட்சுமிக்குக் கை மரத்துப்போகிறதாம், தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து உதறுகிறாளாம், உன் மெஷினில் ஒரு தடவை பார்.

முதல் தடவை, மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றாள் ரஃபீனா. இரண்டாம் தடவை, உதிரிபாகம் வரவில்லை. மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்குமுன் சகீலாவே, "இன்னும் சரியாகலையா?" என்று கேட்டாள். ரஃபீனா தலையை மட்டும் ஆட்டினாள். மெஷின் ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை. அந்த மேசையில் வீரலட்சுமி படுப்பதையும், அந்தக் கையைத் தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

*

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் வீரலட்சுமி வந்தாள். ஷெட்டில் கிடந்த சகீலாவின் ரப்பர் பூட்ஸையும் ஏப்ரனையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். ரஃபீனா சாயா போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் சகீலாவின் காலி நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

ரஃபீனா பத்தொன்பது மாதம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். கை சரியில்லை என்று அம்மா உங்களிடம் எப்போது சொன்னாள்? என்னிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொன்னாள்?

வீரலட்சுமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவுக ஒண்ணும் சொல்லல. எதுத்தாப்ல நிக்கேன், எனக்குத் தெரியாதா? அக்கா உரிச்சா சதை அறுந்து வராது. அறுந்து அறுந்து வந்துச்சு. அவுக தட்டு ரொம்பல. நான் ஒரு கை அள்ளி அவுக தட்டுல போடுவேன். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்புற நேரம் பாத்துப் போடுவேன். எட்டு மாசம் போட்டேன்."

"ஏன் எனக்குச் சொல்லலை?"

"சொல்லுங்க, பிள்ளைட்ட சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்னு நெனைக்க? ஏசிப்போட்டாக. ‘அவ மெஷின்ல பாத்துட்டா லட்சுமி. ஐஸுன்னு சொல்லிட்டா. என் மகளைவிட உனக்குத் தெரிஞ்சிடுச்சா’ன்னாக. பத்து நாள் என்கூடப் பேசல. அப்புறம் பள்ளம் விழுந்தப்ப, ஏசுனா ஏசட்டும்னு நானே உனக்குப் போன் பண்ணேன்."

இத்தனை நாள் எதை இன்னொருத்தி பறித்துக்கொண்டாள் என்று ரஃபீனா வெந்தாளோ, அது அவளிடமேதான் இருந்திருக்கிறது. அம்மா அவளை நம்பினாள். வீரலட்சுமியின் கண்ணை நம்பாமல் அவளுடைய மெஷினை நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வழியில்லை.

பிறகு இன்னொன்றும் கேட்டாள். கடைசியில் அம்மா என்ன சொன்னாள்?

"பேச்சு ஏது? வாசலைப் பாத்தாக. என்னைப் பாத்தாக. திரும்பி வாசலைப் பாத்தாக. பிள்ளை வர இன்னும் நேரமிருக்குக்கான்னு சொன்னேன். உன்னைத்தான் தேடுதாகன்னு எனக்குத் தெரியாதா? எம்புட்டு எரிச்சலா வந்துச்சு தெரியுமா? நான் இங்க ஒருத்தி உக்காந்திருக்கேன், கண்ணு வாசல்ல."

சொல்லிவிட்டு வீரலட்சுமி சங்கடமாகச் சிரித்தாள். ரஃபீனா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். எட்டு வருஷமாக இந்தப் பக்கம் தான் மட்டும்தான் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

வீரலட்சுமி தம்ளரை எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்து, வலது கையை மணிக்கட்டிலிருந்து நாலு தடவை உதறினாள், தண்ணீரைச் சொட்ட உதறுகிற மாதிரி. இரண்டு வருஷமாக இந்த அடுக்களையில் அவள் அப்படி உதறிக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கும் உதறல். மணிக்கட்டின் குறுகிய சந்துக்குள் நரம்பு நசுங்குகிறபோது வருவது. சகீலாவுக்கு வந்தது போன்றதல்ல. அளந்து பார்த்தால் தெரியும். நேரத்தோடு பார்த்தால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் கட்டைவிரல் மேடு வற்றும்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள் ரஃபீனா. இது கிடக்கட்டும், ஷெட்டில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று வீரலட்சுமி எழுந்தாள். அலமாரி மேலிருந்த தன் டப்பாவை எட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டப்பா போன இடத்தில் ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும் இருந்தது. ரஃபீனா அதை இறக்கினாள். இனி அது தேவையில்லை. கட்டிப் பரணில் போட வேண்டும். கடைசி மருந்துச் சீட்டுக்குப் பின்னால் ஒரு படிவம் செருகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களின் நெருங்கிய சொந்தங்களுக்குப் பரிசோதனைக் கட்டணம் பாதி. அதற்கான படிவம். வரவேற்பு மேசையிலிருக்கும் பெண்ணின் உருண்டை மலையாள எழுத்து. நோயாளி: வீரலட்சுமி. வயது: நாற்பத்தொன்று. தொந்தரவு: இரண்டு கையும் மரத்துப்போதல். பரிசோதனை: நரம்பு. பணியாளர்: ரஃபீனா. உறவு: பணியாளரின் தாயின் தங்கை.

தேதியைப் பார்த்தாள். அம்மாவைக் கடைசியாகக் காட்டக் கொண்டுபோன நாள். சக்கர நாற்காலியை வரவேற்பு மேசைப் பக்கம் நிறுத்திவிட்டு ரஃபீனா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் பாதி நாக்கும் ஒரு புருவமும் மட்டும் மிச்சமிருந்த சகீலா அந்தப் பெண்ணைப் பிடித்து, இத்தனையும் சொல்லி, எழுதவைத்து, ஃபைலில் செருகவும் வைத்திருக்கிறாள். ராவுத்தர் குடும்பத்தில் வீரலட்சுமி என்று ஒரு தங்கை. எழுதியவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சகீலாவின் முகத்தைப் பார்த்து எழுதியிருப்பாள். மெஷின் பழுதாக இருந்தால் என்ன, எப்போதாவது சரியாகத்தானே செய்யும் என்று நினைத்திருப்பாள் அம்மா. மகள் சொன்னதைத்தான் எப்போதும் நம்புவாளே.

வெள்ளிக்கிழமை மூன்று தடவை அவள் பார்த்தது டப்பாவை அல்ல.

ரஃபீனா போனை எடுத்து, பேசிப் பதிவு செய்து வீரலட்சுமிக்கு அனுப்பினாள்.

"சேச்சி, வியாழக்கிழமை காலையில ஷெட்டுக்குப் போகாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. கை ஐஸ்ல படக்கூடாது."

பேனாவைத் தேடி எடுத்தாள். உறவு என்ற இடத்தில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தாள். பொறாமை போய்விடவில்லை, அங்கேயே நின்றது. படிவத்தின் கீழே, வலது ஓரத்தில், பணியாளர் கையெழுத்துப் போடும் கட்டம் காலியாக இருந்தது.